துலுக்கானத்தின் பெடல் கட்டைகள்

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு வெளியே பார்வதம் நடத்திவந்த சைக்கிள் ஸ்டாண்டில் ஊரிலுள்ள எல்லார் சைக்கிளுக்கும் இடம் உண்டு, குணசேகரன் சைக்கிளைத் தவிர. ஆவடி டாங்கி ஃபாக்டரியில் பதினெட்டு வருஷமாக ஃபிட்டராக இருக்கிற மனுஷன், ஏரிக்கரையிலிருந்து மிதித்து வந்து, டீக்கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் வண்டியை வேப்பமரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறவேண்டும். சாயங்காலம் திரும்பும்போது டயரில் காற்று இருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

ஸ்டாண்டின் முன்கம்பத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் பிய்ந்த செருப்பொன்றோடு சேர்த்துத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது ஒரு கொக்கு. வெள்ளி முலாம் பூசியது, ஒரு சாண் நீளம், சிறகை விரித்துப் பறக்கிற கோலம். புதிதாக வருகிறவர்கள் அது என்னவென்று கேட்காமல் போகமாட்டார்கள். கேட்டால் போதும், டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்வதம் ஆரம்பித்துவிடுவாள்.

"இதுவா? என் தம்பிய ஏத்திக் கொன்ன காரோட மூஞ்சில இருந்தது. ஓட்டுனவன் துலுக்கானம்னு ஒரு குள்ளன். ஏத்திட்டு கீய எறங்கி நிக்கிறான், ரெண்டு கையிலயும் ரெண்டு கட்ட. கேக்க வர்றவன் மண்டைய ஒடைக்க. தோ போறான் பாரு, சாப்பாட்டுத் தூக்க மாட்டிகினு, அவன் புள்ளதான்."

இதை அவள் குரலைத் தாழ்த்தி ஒருநாளும் சொன்னதில்லை. குணசேகரன் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. தினமும் காலை ஏழு இருபதுக்கு, டிக்கெட் பரிசோதகரிடம் சீசன் டிக்கெட் காட்டுகிற மாதிரி, அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் பிளாட்பாரம் ஏறினான்.

நடந்தது ஐம்பத்தாறாம் வருஷம். பூந்தமல்லி பங்களா ஜானகிராமனுடைய கார் அது. யுத்தத்துக்கு முன்னால் சீமையில் கட்டியது. கட்டிய கம்பெனியும் யுத்தத்துக்கு முன்னாலேயே இழுத்து மூடிவிட்டதால், அதைப்போல இன்னொன்று இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. மூக்கில் கொக்கு இருந்ததால் சுற்றுவட்டாரம் முழுக்க அதற்குக் கொக்குக் கார் என்று பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், கோயில் தெரு முனையில், பதின்மூன்று வயசுப் பார்வதம் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயசுத் தம்பியை அந்தக் கார் அடித்துத் தூக்கியது. புழுதி அடங்கி ஆட்கள் ஓடி வந்தபோது காருக்குப் பக்கத்தில் டிரைவர் துலுக்கானம் மட்டும்தான் நின்றான். அவனை அடித்தார்கள். கை ஓய்ந்ததும் காரை அடித்தார்கள். கொக்கைப் பிடுங்கியவள் பார்வதம்தான்.

எலும்புக்கூடாக மிஞ்சியதைப் போலீஸ் இழுத்துப்போய்ப் போட்டது. கேஸ் முடிந்த பிறகு அதைக் கேட்பாரில்லை. இன்ஜின் செம்பரம்பாக்கத்தில் ஒரு கிணற்று மேட்டுக்குப் போய்த் தண்ணீர் இறைத்தது. அடிச்சட்டம் செங்கல் சூளைக்கு இழுவை வண்டியானது. பின்சீட்டு கொரட்டூரில் ஒரு சலூனுக்குப் போனது. முப்பது வருஷம் அதில் உட்கார்ந்துதான் பாதி கொரட்டூர் முடி வெட்டிக்கொள்ளக் காத்திருந்தது.

கோர்ட்டில் துலுக்கானம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இரண்டு வருஷம் உள்ளே போட்டார்கள். ஜானகிராமனின் ஒரே மகன் ஜெயராமன், அப்போது பத்தொன்பது வயசு, கூண்டில் ஏறி, "எனக்குக் கார் ஓட்டவே தெரியாது, அந்த ஸ்டீரிங்கை நான் தொட்டதே இல்லை, அன்றைக்கு நான் பூந்தமல்லியை விட்டு வெளியே வரவில்லை" என்று சத்தியம் செய்துவிட்டு இறங்கினான். ஊர் மொத்தமும் நின்று கேட்டது.

ஜெயிலில் பார்க்கப்போன மனைவி பொன்னம்மாளிடம்தான் துலுக்கானம் உண்மையைச் சொன்னான். ஓட்டியது ஜெயராமன். ஏற்றிவிட்டுத் தன் பக்கக் கதவைத் திறந்து ஆமணக்குக் கொல்லைக்குள் பாய்ந்து ஓடிவிட்டான். ராத்திரி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எஜமான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஒரே பிள்ளை என்று அழுதார், மூன்று மாசத்தில் வெளியே எடுத்துவிடுகிறேன் என்றார். அதை நம்பித்தான் தலையை ஆட்டினேன் என்றான். பொன்னம்மாள் ஊருக்குள் போய் இதைச் சொன்னாள். மண்ணை வாரித் தூற்றி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

குணசேகரனுக்கு ஜெயராமன்மேல் இருந்த கோபத்தில் பாதி அப்பன்மேலும் இருந்தது. ஒரு பெரிய மனுஷன் கையைப் பிடித்து அழுதால் பெண்டாட்டி பிள்ளை பேரை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவதா? லைசென்ஸ் போய், ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகக் குந்தி, எழுபத்தொன்பதில் அந்த மனுஷன் செத்தான். பாடை ஸ்டேஷன் ரோடு வழியாகப் போனபோது சைக்கிள் ஸ்டாண்டு வாசலில் பார்வதம் பத்தாயிரம் வாலா கொளுத்தினாள். அந்தச் சத்தம் குணசேகரன் காதிலிருந்து போகவில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எந்த வாய் தினமும் அவன் அப்பனைக் கொலைகாரன் என்கிறதோ, அந்த வாய் இல்லை என்று சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் அது கணக்கில்லை.

தொண்ணூற்றிரண்டில், ஐப்பசி மாசம், ஜெயராமன் அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கினான்.

ஐம்பத்தைந்து வயசிலும் ஆறடிக்குக் குறையாத உடம்பு. மை பூசிய தலை. நிலை இடிக்காமல் இருக்கக் குனிந்து உள்ளே வந்தவன், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டான். மூன்று வருஷமாக அலைந்து கொக்குக் காரை மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறானாம். கிணற்று மேட்டிலிருந்து இன்ஜின் வந்துவிட்டது, சூளையிலிருந்து சட்டம் வந்துவிட்டது, சலூன் சீட்டும் வந்துவிட்டது. தை மாசம் பட்டணத்தில் பழைய கார்களுக்குப் போட்டி. இன்னும் இரண்டே சாமான்தான் பாக்கி.

"ஒண்ணு அந்தக் கொக்கு. இன்னொண்ணு பெடல் செட். ஜெயில்லேருந்து வந்ததும் உங்கப்பன் அதைக் கழட்டி எடுத்துட்டுப் போனதா போலீஸ் ஸ்டேஷன் பழைய ஆள் ஒருத்தர் சொன்னார். உன்கிட்ட இருக்கா?"

"கீது" என்றான் குணசேகரன்.

"நல்லதாப் போச்சு. இதோ பார், உங்கப்பன் பண்ணின காரியத்தால எங்க குடும்பத்துக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா? அதையெல்லாம் மனசுல வச்சுக்காமத்தான் உன் வாசப்படி ஏறி வந்திருக்கேன்."

காபி டம்ளரோடு வந்த குணசேகரனின் மனைவி புஷ்பா அப்படியே திரும்பி உள்ளே போனாள். காபியைத் தொட்டிமுற்றத்தில் கொட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

குணசேகரனுக்கு எழுந்து ஒரே அறை விட்டால் என்ன என்று தோன்றியது. முப்பத்தாறு வருஷத்துப் பொய்யை அந்த ஆள் அவ்வளவு நாளும் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டிருந்தான். அதுதான் அறையைவிடப் பெரிய கோபத்தைக் கொடுத்தது. ஆனால் அறைந்தால் டிரைவர் மகன் முதலாளியை அடித்தான் என்று இன்னொரு கதை ஊருக்குக் கிடைக்கும்.

"பெடல கையில தரமாட்டேன்" என்றான். "மாட்டுற அன்னிக்கு நானே வந்து மாட்டுவேன். வேற எவனும் தொடக்கூடாது."

"பிராயச்சித்தம்னு வச்சுக்கோ" என்று சிரித்தபடி ஜெயராமன் குனிந்து வெளியே போனான்.

மறுநாள் பரணிலிருந்து கோணிமூட்டையை இறக்கினான் குணசேகரன். அப்பன் செத்த பிறகு யாரும் அதைப் பிரித்ததில்லை. துருவேறிய கிளச் பெடல், பிரேக் பெடல். இரண்டின் மேலும் செங்கல் அளவுக்கு ஒவ்வொரு தேக்குக்கட்டை. துலுக்கானம் நாலே முக்கால் அடிதான். சீமைக்காரன் தன் காலுக்கு அளவெடுத்துச் செய்த பெடல் அவனுக்கு எட்டாது. அதனால் கட்டை வைத்து உயர்த்திக்கொண்டு ஓட்டியிருக்கிறான்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் துருவைத் தேய்த்துவிட்டுக் கட்டையைக் கழற்றப் பார்த்தான். பெடலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரண்டு காது வைத்த நட்டு. திருப்பினால் அசையவில்லை. ஸ்பேனர் போட்டான், அசையவில்லை. டாங்கிக்கு நட்டு முடுக்குகிற கை அது, அரைமணி நேரம் வியர்த்துக் கொட்டியது. கடைசியில் போல்ட் முறிந்துவிடப் போகிறது என்கிற நிலையில்தான் புத்தியில் பட்டது. அந்தக் காலத்துச் சில கார்களில் இடப்பக்கச் சக்கரத்து நட்டுக்கு மரை தலைகீழாக இருக்கும், ஓடுகிற ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று. அப்பன் அந்த ஜாதி போல்ட்டையே எங்கோ தேடிப்பிடித்து இதற்கும் போட்டிருக்கிறான். அதற்கடியில் ஒரு ஸ்பிரிங் வேறு. கட்டைவிரலால் நட்டை உள்ளே அழுத்திக்கொண்டு, முடுக்குகிற பக்கமாகத் திருப்பினால், நாலே சுற்றில் கட்டை கையோடு வந்தது.

கட்டைகளைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு குணசேகரன் தரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் இரண்டு கட்டை. பார்வதம் தினமும் சொல்கிற கட்டை இதுதான். ஆறடி ஆள் இந்தக் கட்டையோடு ஓட்டினால் முட்டி ஸ்டீரிங்கில் இடிக்கும். ஜெயராமன் ஓட்ட ஆசைப்படும்போதெல்லாம் கட்டைகளைக் கழற்றி, பக்கத்தில் உட்காரும் அப்பன் கையில் கொடுத்திருக்கிறான். அன்றைக்கும் கொடுத்திருக்கிறான். அடிக்க இல்லை, மடியில் இருந்ததைப் பிடித்தபடியே பதறி இறங்கியிருக்கிறான் அந்த அப்பாவி.

இதை அப்படியே போய்ச் சொல்லலாம். கொலைகாரன் பிள்ளை சொன்னால் அவள் கேட்பாளா? கொக்கைக் கட்டிய செருப்பை அவிழ்த்து அடிப்பாள். அவள் கண்ணால் பார்க்கவேண்டும். கட்டைகளைப் பழையபடி பெடலில் வைத்து, நட்டை முடுக்கினான். புஷ்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரமே ஸ்டாண்டு முன்னால் போய் நின்றான். பார்வதம் ஈயக் குண்டானில் இருந்த தண்ணீரை அவன் காலடியில் விசிறினாள்.

"இன்னாடா, எடம் மாறி வந்துட்டியா?"

"கொக்கு கேட்டு பூந்தமல்லிலேர்ந்து ஆள் வரும். அந்தக் கார மறுபடியும் கட்டுறாங்க."

"யாரு கட்டுறது?" அவள் முகம் ஒரு நிமிஷம் வெளுத்துப் போனது. "கட்டி இன்னா பண்ணப் போறாங்களாம், இன்னொரு புள்ளய ஏத்தவா?"

"சும்மா குடுத்துடாத. கார அதே தெருவுக்குக் கொண்டாரச் சொல்லு. உன் தம்பி வுயுந்த எடம் வரைக்கும் உன் கண்ணு முன்னால ஓட்டச் சொல்லு. கற்பூரம் கொளுத்தச் சொல்லு. அப்பறமா குடு."

"நீ யாருடா எனக்கு சொல்லித் தர்றதுக்கு? போடா அப்பால!"

போய்விட்டான். ஆனால் பூந்தமல்லி ஆள் வந்தபோது அவள் வார்த்தை பிசகாமல் அதையேதான் கேட்டாள். அவன் பேச்சைக் கேட்டு இல்லை, தனக்கே தோன்றியது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள்.

ஜெயராமன் முதலில் துள்ளினான். அந்தத் தெருவுக்கா, முடியாது என்றான். இரும்பிலோ பித்தளையிலோ வேறு கொக்கு வார்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தான். வார்த்ததெல்லாம் வாத்து மாதிரியும் காக்கா மாதிரியும் வந்தது. பிறகு அவனுக்கே ஒரு யோசனை வந்தது. டிரைவர் செய்த பாவத்துக்கு முதலாளி மகன் வந்து கற்பூரம் ஏற்றுகிறான் என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பெரிய மனசு என்றுதானே. ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் ஆரம்பிக்கும் நாலரைக்குள் வண்டி நகர்ந்துவிடவேண்டும் என்று சொல்லி அனுப்பினான். பத்திரிகைக்காரன் ஒருவனுக்கும் சொல்லிவைத்தான்.

பெடலை அங்கே வைத்துத்தான் மாட்டுவேன் என்று குணசேகரன் சொல்லிவிட்டதால், டிராக்டர் கட்டி இழுத்துவந்து கோயில் தெரு முனையில் காரை நிறுத்தினார்கள். ஊர் திரண்டுவிட்டது. குணசேகரன்கூட ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தான். கிணற்றடியில் பாசி பிடித்துக் கிடந்த இன்ஜின் என்று யார் சொல்வார்கள்? கறுப்பு வண்ணத்தில் முகம் பார்க்கலாம். பின்சீட்டுக்குப் புதுத் தோல் போட்டிருந்தார்கள், தேங்காயெண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை. மூக்கில் கொக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. வயசான இரண்டொருவர் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தராவது அன்றைக்கு இதே காரைக் கடப்பாரையால் போட்டவராக இருக்கவேண்டும்.

பார்வதம் முப்பதடி தள்ளி, தம்பி விழுந்த இடத்தில், கொக்கை மடியில் கட்டிக்கொண்டு நின்றாள்.

குணசேகரன் காருக்கடியில் படுத்துப் பெடல் செட்டை மாட்டினான். கட்டைகளோடு மாட்டினான். மூன்றரை மணிக்கு ஆரம்பித்தவன், வேண்டுமென்றே தேய்த்து, நாலு ஐந்துக்குத்தான் வெளியே வந்தான்.

"ஆச்சு" என்றான்.

ஜெயராமனின் டிரைவர் நாகேந்திரன் ஏறி உட்கார்ந்தான். அவனும் நெட்டை. காலைத் தூக்கிக் கட்டைமேல் வைத்ததும் இரண்டு முட்டியும் ஸ்டீரிங்கில் போய் முட்டிக்கொண்டன. கூட்டத்தில் சிரிப்பு.

"இன்னாங்க இது, கால வச்சா ஸ்டீரிங் திரும்பலியே. இந்தக் கட்டய எடுத்துடுப்பா."

"எங்கப்பன் போட்டது. நான் கழட்டமாட்டேன்" என்றான் குணசேகரன். "மாட்டுறேன்னு மட்டும்தான் சொன்னேன். ஓணும்னா நீங்க கழட்டிக்கோங்க."

நாகேந்திரன் குனிந்து நட்டைத் திருப்பினான். அசையவில்லை. கூட வந்த மெக்கானிக் ஒருத்தன் கவிழ்ந்து படுத்து ஸ்பேனர் போட்டான். அவன் திருப்பத் திருப்ப நட்டு இறுகியது. "துருப்புடிச்சு ஜாமாயிருச்சு சார், கேஸ் வச்சு அறுக்கணும்" என்று எழுந்து வியர்வையைத் துடைத்தான். மணி நாலு இருபது. கற்பூரத் தட்டு வைத்திருந்தவன் வானத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பத்திரிகைக்காரன் கேமராவை மூடப்போனான்.

ஜெயராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால், ஒரு டிரைவர் மகனால், இரண்டு மரத்துண்டால், நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"மூதேவிங்களா, தள்ளுங்க! நீ அந்தப் பக்கம் போ" என்று நாகேந்திரனை இடப்பக்க சீட்டுக்கு விரட்டிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தான். இடது கை ஸ்டீரிங்கைப் பிடித்தது. கண் நேராகத் தெருவைப் பார்த்தது. வலது கை மட்டும் கீழே போனது. குனியவில்லை, பார்க்கவில்லை. கட்டைவிரலால் ஓர் அழுத்து, முடுக்குகிற பக்கமாக நாலு சுற்று. ஒரு கட்டை வந்தது. இன்னொரு நாலு சுற்று. இன்னொன்றும் வந்தது.

"இந்தா, புடி" என்று இரண்டையும் பக்கத்தில் இருந்தவன் மடியில் போட்டான்.

அந்த மெக்கானிக் வாயைப் பிளந்துவிட்டான். "நான் கால்மணி நேரமா மல்லாடுறேன், எப்டி சார்...?"

"முட்டாள், அழுத்திட்டு ரிவர்ஸ்ல திருப்பணும்டா. இதைக்கூட எத்தனை தரம்..." என்று ஆரம்பித்த ஜெயராமன் சட்டென்று நிறுத்தினான்.

கூட்டத்தின் சத்தம் அடங்கிவிட்டதைப் பார்த்து மிரண்டுபோன நாகேந்திரன், இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், காருக்குப் பக்கத்தில் நின்றான். அவன் இரண்டு கையிலும் இரண்டு கட்டை இருந்தது.

பார்வதம் அதைப் பார்த்தாள். முப்பதடியையும் நடந்து வந்தாள். நாகேந்திரன் முன்னால் வந்து நின்று, அவன் கைகளையும், அவன் இறங்கிய கதவையும், பிறகு அந்தப் பக்கம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெயராமனையும் பார்த்தாள்.

"இப்டித்தான் நின்னாரு" என்றாள். "இதே பக்கம். எந்தப் பக்கம் எறங்குனாருன்னு கோர்ட்ல என்ன ஒருத்தனும் கேக்கல."

"இந்தாம்மா, கொக்கைக் குடு, நேரமாகுது" என்றான் ஜெயராமன்.

"கார் ஓட்டவே தெரியாதுன்னியே. ஸ்டீரிங்க தொட்டதே இல்லன்னு சத்தியம் பண்ணியே. நானும் கோர்ட்லதான் நின்னுகினு இருந்தேன். தொட்டதே இல்லாதவனுக்கு இருட்டுல இருக்கற நட்டு எந்தப் பக்கம் திரும்பும்னு எப்டிடா தெரியும்?"

"பழைய வண்டின்னா எல்லாமே அப்படித்தான். இதுகூடத் தெரியாதா யாருக்கும்?"

"எனக்குத் தெரியல சார்" என்றான் மெக்கானிக். சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

ஜெயராமன் இன்ஜினைக் கிளப்பினான். கிளம்பிவிட்டது, எட்டு சிலிண்டரும் பூனை மாதிரி முணுமுணுத்தது. ஆனால் காருக்கு முன்னால் பார்வதம் போய் நின்றுவிட்டாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு தெருவே நின்றது. யாரும் கல்லை எடுக்கவில்லை, கடப்பாரையைத் தேடவில்லை. சும்மா நின்றார்கள். கேமராக்காரன் மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஜெயராமன் ஹாரன் அடித்தான், கத்தினான், போலீஸ் என்றான். நாலரை தாண்டி ராகுகாலம் வந்தது. கடைசியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, வலப்பக்கக் கதவைத் திறந்து, கூட்டம் விட்ட ஒற்றையடி வழியில், நெட்டைக் காலை எட்டிப் போட்டு நடந்தான். ஆமணக்குக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது வீடுகள் வந்துவிட்டிருந்தன. ஓடி ஒளிய வழியில்லாமல் மெயின் ரோடு வரைக்கும் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டேதான் போகவேண்டியிருந்தது.

குணசேகரன் காருக்கடியில் படுத்துப் பெடல் செட்டைக் கழற்றினான். நாகேந்திரன் கையிலிருந்த கட்டைகளையும் வாங்கிக் கோணிக்குள் போட்டான். எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. பத்தாயிரம் வாலாதான் காதில் வெடித்தது.

"ஏண்டா" என்று பின்னால் பார்வதத்தின் குரல். அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியாத குரல். "தெரிஞ்சுகினே இத்தன வருசம் வாய மூடிகினு இருந்தியா நீ?"

"எங்கம்மா வந்து சொன்னாங்க. மண்ண வாரி அடிச்சீங்க. மொத கை உன் கைதான்."

குணசேகரன் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு அவன் சந்துப் பக்கம் திரும்பியபோது ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டாள். கம்பத்து ஆணி காலியாக இருந்தது. கொக்கை விடியற்காலையிலேயே கொண்டுபோய் ஏரியில் வீசிவிட்டாள் என்று டீக்கடையில் சொல்லியிருந்தார்கள்.

"சைக்கிள உள்ள கொண்டாந்து வுடு" என்று அவன் முகத்தைப் பார்க்காமல் டோக்கனை நீட்டினாள்.

பதினெட்டு வருஷமாக அவன் ஆசைப்பட்ட டோக்கன் அது. வாங்கக் கை வரவில்லை.

"வேணாம்" என்றான். "எங்கப்பன் பொணத்துக்குப் பட்டாசு வெடிச்ச எடம். உன் டோக்கனுக்கு சரியாப் போய்டுமா அது?"

சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு தேக்குக்கட்டையை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தான்.

"ஒண்ண நான் வச்சுக்கறேன். இத்த அந்த ஆணில மாட்டு. முப்பத்தாறு வருசமா கேட்டவன் கேக்காதவன் எல்லார்கிட்டயும் எங்கப்பன் பேரச் சொன்ன வாயி. அதே வாயால சொல்லு."

ரயில் வந்துவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்று அவன் நின்று கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க ஃபாக்டரியில் கை வேலையில் நிற்கவில்லை. இரண்டு தரம் நட்டைத் தப்பான பக்கம் திருப்பி ஃபோர்மேனிடம் பாட்டு வாங்கினான்.

சாயங்காலம் கூட்டத்தோடு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தான். கம்பத்து ஆணியில் கட்டை தொங்கியது. செருப்பு இல்லை. கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். கையில் பை மாட்டிய ஒரு ஆள் சைக்கிளை எடுக்கும்போது நின்று, "இங்க ஒரு கொக்கு இருக்குமே, இது இன்னாம்மா?" என்று கேட்டான்.

டோக்கன் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பார்வதம் எழுந்து நின்றாள். குரலை இப்போதும் தாழ்த்தவில்லை.

"இதுவா? துலுக்கானம்னு ஒரு டிரைவரு. அவரு கால் எட்டறதுக்கு வச்ச கட்ட. இத்த கழட்டிட்டுத்தான் ஒருத்தன் கார் ஓட்டி என் தம்பியக் கொன்னான். அவன் பூந்தமல்லில கீறான், பேரு ஜெயராமன். துலுக்கானம் கொல்லல. கொன்னாருன்னு ஊரெல்லாம் சொன்னவ நான்தான். நான் சொன்னது பொய்யி."

அந்த ஆள் தலையாட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். குணசேகரன் சந்து முனையிலேயே நின்றான். அடுத்து வந்தவன் எதையும் கேட்கவில்லை. அவனுக்கும் நிறுத்திச் சொன்னாள்.